கத்திரியில் கொதித்த சுண்ணாம்பு

மகளின் வளைகாப்புக்கு முந்தைய நாள், வீட்டைக் குளிர்விக்கப் போய் மொட்டை மாடியில் ஓர் எரிமலையைத் திறந்து வைத்தேன்.

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீடு தரைத்தளம் மட்டும்தான். பகலெல்லாம் தளத்தில் காயும் வெயில், இரவெல்லாம் எங்கள் தலையில் இறங்கும். ஓர் அறையில் ஏசி இருக்கிறது. தெருவில் புதுக் குடியிருப்புகள் பெருகிய பிறகு சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துவிடும். ஸ்டெபிலைசர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். ஏசி சுவரில் மாட்டிய அலங்காரப் பொருளாகிவிடும்.

அந்த அறைக்குத்தான் மகள் முதல் பிரசவத்துக்கு வரவேண்டும். “அவ இங்கியே இருந்துடட்டுமா மாமா? இங்க ஏசி நல்லா ஓடுது” என்று மாப்பிள்ளை தன் வீட்டிலிருந்து போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது எங்கள் வழக்கம். “நம்ம வூடும் ஜில்லுனு இருக்கும் மாப்ள” என்று வாயை விட்டுவிட்டேன்.

தளத்துக்கு வெள்ளையடித்தால் அறையில் சூடு குறையும் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. அக்னி நட்சத்திரக் கத்திரியில் புது வேலை தொடுவது ஆகாது என்று பெயிண்டர் மறுத்துவிட்டார். என் மனைவியும் அவர் கட்சி.

“கத்திரில எவனாவது வூட்டு வேல ஆரம்பிப்பானா? கம்முனு இருய்யா.”

“வேலன்னு ஏன் சொல்ற? தளத்துக்கு பவுடர் பூசுறேன்னு நெனச்சுக்க.”

மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு சூளையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதை எப்படிக் கரைப்பது என்று யாரையும் கேட்கவில்லை. சத்துமாவு கரைத்த அனுபவம் இருந்தது. உச்சிவெயிலில், நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் கட்டி கட்டியாக இருந்ததை மொத்தமாகக் கொட்டி, தண்ணீரை ஊற்றி, காக்காய் விழுந்துவிடக் கூடாதே என்று மூடிபோட்டு, மேலே ஒரு செங்கல்லும் வைத்தேன்.

முதலில் டிரம் முனகியது. பிறகு உறுமியது. செங்கல் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் பறக்க, ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. என் முழங்கையில் இரண்டு சொட்டுத் தெறித்தது. ஊரே எரிவதுபோல் கத்திக்கொண்டு படியிறங்கினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். கேஸ் சிலிண்டரை மூடினேன். அப்படியும் மனசு ஆறாமல் வாசலில் நின்ற வண்டியைத் தெருவுக்குத் தள்ளினேன்.

வளைகாப்புக்குப் பழத்தட்டோடு வந்து சேர்ந்த மனைவியின் தம்பி அண்ணாந்து பார்த்தான்.

“இன்னா மாமா, மாடில பொக வந்துகினு கீது?”

“சுண்ணாம்பு கொதிக்குதுடா!”

“அதுக்கு ஏன் கரண்ட ஆஃப் பண்ண?”

போய் மெயின் சுவிட்சை மறுபடி போட்டேன்.

சூட்டில் டிரம் இளகி ஒருபக்கமாகச் சாய்ந்து, பாதியைத் தளத்தில் கொட்டியிருந்தது. ஆறிய பிறகு நானும் அவனும் அதையே தென்னந்துடைப்பத்தால் இழுத்துத் தேய்த்தோம். “வூட்ட குளுர வெக்க அடுப்பு மூட்டுன மொத ஆளு நீதான் மாமா” என்று வேலை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்புச் சபையில் என் காது மடலிலும் புருவத்திலும் வெள்ளை ஒட்டியிருந்தது. “நலங்கு பொண்ணுக்குத்தான சம்பந்தி?” என்று சம்பந்தியம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

சாயங்காலம் மகளை அழைத்துவந்தோம். மாப்பிள்ளைதான் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கிளம்பினார். அறைக்குள் போனாள். ‘டிக்.’ ஏசி நின்றது. கை நிறைய வளையலோடு வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். துண்டு எடுக்கும் சாக்கில் மறுபடி பார்த்தேன்.

“எப்படிம்மா கீது?”

“பரவால்லப்பா.”

உண்மையில் முந்தின வாரத்தைவிடச் சூடு கொஞ்சம் குறைந்திருந்தது. என் மனைவியே ஒப்புக்கொண்டாள். ஆனால் பிள்ளையைச் சுமப்பவளுக்கு அந்தக் கொஞ்சம் எந்த மூலைக்கு? அவள் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டே இருந்தது. துடைத்தாள், வழிந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மாப்ளய வரச் சொல்லட்டாம்மா? கத்திரி முடியற வரைக்கும் அங்க இரேன்.”

“இன்னாப்பா, வந்த அன்னிக்கே தொரத்துற?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “நெஜமாவே போலாமாப்பா? நீ கோச்சிக்க மாட்டியே?”

போன் அடித்த உடனே மாப்பிள்ளை எடுத்தார். இன்னும் ரயில்வே ஸ்டேஷனைக்கூடத் தாண்டவில்லையாம். பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். டீ குடிக்கிறவர் குரலாக அது இல்லை, காத்திருக்கிறவர் குரல்.

மனைவி பிரிக்காத பையை அப்படியே எடுத்துவந்து வாசலில் வைத்தாள். நான் கார்க் கதவைத் திறந்து மகளை மெல்ல உட்காரவைத்தேன். உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

“கதவ சாத்துப்பா,” என்றாள். “குளிரு போவுது.”

சாத்தினேன்.