அப்பா தின்ற ஜிலேபி

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அந்த விடியற்காலை எனக்கு எழுத்தெழுத்தாக ஞாபகம் இருக்கிறது. தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே குழாய். வரிசையில் வைத்திருந்த குடங்களின் மேலேயே அப்பா சரிந்து விழுந்தார். தோல் கம்பெனியில் ஈரத்தோலை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடுகிற மனுஷன். அந்த உடம்பும் மண்ணில் கிடக்கும் என்று பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்? 

கொஞ்ச மாதம் முன்னால்தான் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. சீனியை நிறுத்து, சோற்றைக் குறை என்று மட்டும் டிஸ்பென்சரியில் சொல்லி அனுப்பினார்கள். மீதியைச் சொல்ல எங்கள் சந்து இருந்தது. பெரியம்மா பாகற்காயைத் தவிர எதுவும் ஆகாது என்றாள். எதிர்வீட்டு மராத்திக்கார மௌசி, வெந்தயத் தண்ணீரும் சோள ரொட்டியும் போதும் என்றாள். அப்பாவோடு வேலை பார்த்தவர், சோறு இல்லாவிட்டால் ஆளே போய்விடுவான் என்றார். தேன் நல்லது என்றது ஒரு வீடு, தேன் விஷம் என்றது அடுத்த வீடு.

அம்மா யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. பாகற்காயும் வைத்தாள், வெந்தயமும் ஊறப்போட்டாள், சோறும் போட்டாள். சீனியில் மட்டும் கறார். அறுபதுகளில் ரேஷன் சீனிக்கு அடிதடி. அதை அப்படியே மௌசிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிக் கருப்பட்டி வரவழைத்தாள். காப்பிக்குக் கருப்பட்டி, சுக்குத் தண்ணிக்குக் கருப்பட்டி, பாகற்காய்க் கசப்பு போக ஒரு துண்டு கருப்பட்டி.

"சீனி மில்லுல மருந்து போட்டு எடுக்கது. இது நம்ம பனையில வந்தது. ஒண்ணும் செய்யாது, குடிங்க."

அப்பா குடித்தார். தாகம் கூடியது. தாகத்துக்கு அம்மா பானகம் கரைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் திறந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். அம்மா வீட்டுக்குக் கஞ்சி எடுக்கப் போயிருந்தாள். டாக்டர் மாட்டுங்காத் தமிழர்.

"இனிப்பு என்ன சாப்பிட்டீர்?"

"சீனியே தொடல டாக்டர். கருப்பட்டி மட்டுந்தான்."

"கருப்பட்டியா! அதுவும் சக்கரைதான் ஓய். உம்ம உடம்புக்கு ரெண்டும் ஒண்ணு. யார் குடுத்தா?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அம்மா வந்தாள். கஞ்சிச் சட்டியைப் பிடித்த கை நடுங்கியது.

"டாக்டரு என்ன சொன்னாவ? நான் பாத்துப் பாத்துத்தான குடுத்தேன்? என் கையால எதும் தப்பாயிட்டா?"

"ஜிலேபி தின்னேன்" என்றார் அப்பா.

"என்னது?"

"வேல விட்டு வரும்போது. மிட்டாய்க் கடையில. தெனமும். இனி இனிப்பே ஆகாதாம், கருப்பட்டியும் வேண்டாம்னுட்டாரு."

இப்போதுதான் டாக்டரிடம் இதை மறைத்தார்! பொய் சொன்னால் என் தொடையைத் திருகுகிற அப்பா! அதைவிட, தினமும் ஜிலேபி தின்றவருக்கு ஒரு நாளாவது எனக்கு ஒன்று வாங்கிவரத் தோன்றவில்லையே.

அம்மா சட்டியை ணங்கென்று வைத்தாள். "பாவி மனுசா! நான் கொலகாரியாயிட்டேனோன்னு ஈரக்கொல நடுங்கி வாறேன். நீங்க ஜிலேபி திங்கியளோ ஜிலேபி!" வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கை நடுக்கம் நின்றிருந்தது.

அப்பா பிழைத்து வந்தார். அம்மா கடைசிவரை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "ஜிலேபிக்கு உசுரக் குடுக்கப் பாத்தவிய இவிய" என்பாள். அப்பா தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். நானும் அம்மாவோடு சேர்ந்து, "எனக்கு ஒண்ணு தரலியே" என்று குத்திக் காட்டுவேன்.

வேலை விட்டு வருகிறவரைச் சந்து முனையில் எதிர்கொண்டு, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருகிறவள் தினமும் நான்தான். அந்தக் கையில் தோல் வாடை அடிக்கும். பாகுப் பிசுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. பத்து வயதில் எனக்கு அது தோன்றவில்லை.