தலைக்குத் தலை வாங்கிய சுமை

நான் கதை கட்டுகிறவன் அல்ல. கோட்டாற்றில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை நிறுத்துப் போடுகிறவன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நீங்கள் நம்பி எனக்கு ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை.

எனக்கு மலைப் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. காலையில் பஸ் பிடித்து, அது போய் நிற்கிற கடைசி ஊரில் இறங்குவேன். கண்ணில் படுகிற பாதையில் ஏறுவேன். திரும்புகிற பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிடுவேன். மருந்துவாழ் மலைக்குப் பொற்றையடியில் இறங்க வேண்டும், மற்ற மலைகளுக்கு எங்கெங்கே இறங்க வேண்டும் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. "சொந்தமா ஒரு கார் இல்லாதவனுக்கு எதுக்குடே மலை?" என்று கடையில் கேலி செய்வார்கள். கார் வைத்திருக்கிறவனுக்குக் காரைத் துடைக்கவே நேரம் சரியாக இருக்கும் என்பேன். கூட வருவது சிலுவைதாசன், பக்கத்துச் சாக்குக் கடைக்காரன். விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு ஓடி வருவான்.

1951, பங்குனி மாதம். என் மனைவி உலகம்மைக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை. தோவாளையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். முந்தின நாள் போய்ப் பார்த்தேன்.

"நாளைக்கும் மலையா அத்தான்? பிள்ளைத்தாச்சி புருசன் மலை ஏறப்பிடாதுன்னு அம்மை சொல்லுகா."

"ஒங்க அம்மைக்கு நான் பஸ் ஏறினாலும் பிடிக்காது."

சிரித்தாள். அவளும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய வேண்டும். அந்த நாட்களில் வேறு எதையும் நான் சாமியிடம் கேட்டதில்லை. மறுநாள் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்கள் போன ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பூதப்பாண்டிக்கு வடக்கே, மலை அடிவாரம். எங்கள் பக்கம் அப்போது மலையாள ராஜ்யத்தோடு இருந்ததால் பஸ்ஸின் நெற்றியில் மலையாளத்தில் எழுதியிருக்கும். அங்கே அது திரும்பி நின்றால் அதற்கப்புறம் ரோடு கிடையாது. ஒரு சாயாக்கடை, நாலைந்து வீடு. நாங்கள் திரும்ப வேண்டிய பஸ் இரண்டு மணிக்கு.

ஏறும்போது ஒன்றும் இல்லை. நல்ல பாதை. விறகும் கரியும் சுமந்தவர்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதை. ஆனால் ஒரு ஆள் எதிரே வரவில்லை. பாதி வழியில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். மேல்கல் முழுக்கப் பாசி. சுமை இறக்கி இறக்கி வழுவழுப்பாக இருக்க வேண்டிய கல்.

"இதுல ஒரு மனுசனும் சுமை வைக்கல்ல போலுக்கே" என்றான் சிலுவைதாசன்.

மேலே போய்ச் சுனையில் தண்ணீர் குடித்தோம். கட்டுச்சோறு தின்றோம். இறங்கத் தொடங்கும்போது நல்ல உச்சி வெயில். நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. சிலுவைதாசன் முன்னே. நான் கொஞ்சம் பின்னே.

சுமைதாங்கியைத் தாண்டிய வளைவில் ஒரு பெண் நின்றாள்.

தலையில் விறகுக் கட்டு. வயிறு உலகம்மைக்கு இருப்பது மாதிரியே. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, இறக்க ஒரு கை பிடிங்க" என்றாள்.

"இந்தச் சரிவுல எங்க இறக்க? இங்க தா."

குனிந்து, அவள் தலையிலிருந்து என் தலைக்கு அப்படியே வாங்கினேன். கனமே இல்லை. வைக்கோல் கட்டு மாதிரி இருந்தது.

"வயித்துப் பிள்ளையோட இதெல்லாம் தூக்கலாமாம்மா?"

"ஒங்க வீட்டுலயும் இருக்காள்லா?"

"ஆமா. ஏழு மாசம்."

நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. உலகம்மையைப் பற்றி இவளுக்கு யார் சொன்னார்கள்?

கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அப்போது காதில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று... பிறகு ஒன்று. விறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. சுள்ளி ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தமும் இல்லை.

சுமை கனத்தது.

முன்னால் சிலுவைதாசன் குரல் கேட்டது. "யக்கா, பாத்து இறங்குங்க. கல்லு வழுக்கும்."

அவன் யாரிடம் பேசுகிறான்? அவள் என் பின்னால் அல்லவா வருகிறாள்... காலடிச் சத்தம் கேட்கிறதே.

"ஏலே, யாருகிட்ட பேசுத?"

"எனக்கு முன்ன போறாள்லா, அந்த அக்காகிட்ட."

திரும்ப முடியவில்லை. அத்தனை கனம். மூட்டை தூக்கிப் பழகிய கழுத்து இது.

பின்னால், காதுக்கு வெகு பக்கத்தில், மெதுவாக...

"அவ தாங்குவாளா?"

ஓடினேன்.

கல்லும் முள்ளும் தெரியவில்லை. சிலுவைதாசனையும் தாண்டி ஓடினேன்.

சாயாக்கடை முன்னால் வந்துதான் நின்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்னாலேயே சிலுவைதாசன் இரைக்க இரைக்க வந்தான்.

"ஏலே மக்கா... எதுக்கு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு வாற?"

தலையில் ஒன்றும் இல்லை.

கையை இறக்கினேன். கனம் இறங்கவில்லை. அவன் பார்த்த பெண்ணும் இல்லை. எந்த வீட்டுக்குள் போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

சாயாக்கடை நாராயணபெருமாளிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடிக் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கல்லுல வச்சு எடுத்தியளா, தலைக்குத் தலை வாங்கினியளா?"

"தலைக்குத் தலைதான்."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். "வீட்டுல பிள்ளைத்தாச்சி உண்டுமா?" என்றார். தலையாட்டினேன்.

"இந்தப் பாதையில சுமையத் தலைக்குத் தலை மாத்தப்பிடாது. நடுவுல தரையில வைக்கணும், இல்லன்னா கல்லுல. நேரே வாங்கினா அது ஒங்களுக்குச் சொந்தம். நீங்க முதல்ல ஊர் போய்ச் சேருங்க."

இரண்டு மணி பஸ் இரண்டரைக்குக் கிளம்பியது. வழியில் இஞ்சின் கொதித்து நின்றது. வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். நான் இறங்கி நடந்தே போகிறேன் என்றேன். சிலுவைதாசன் என் கையை விடவில்லை. வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தான். நாகர்கோவிலில் இறங்கி, தோவாளைக்கு வேறு பஸ் பிடித்தோம்.

தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு முன்னால் ஆண்கள் நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை மட்டும் பேசினாள். அழாமல் பேசினாள்.

"மத்தியானம் பூ கெட்டிட்டு இருந்தா மக்கா. திடீருன்னு ரெண்டு கையையும் தலையில வச்சா. என் தலையில என்னத்த வச்சிய, இறக்குங்க இறக்குங்கன்னா. ஒண்ணும் இல்லட்டி, ஒண்ணும் இல்லட்டின்னு சொன்னேன். கேக்கல்ல. கழுத்து ஒடியுதுன்னா. மருத்துவச்சி வருமுன்ன..."

உலகம்மையின் தலையைத் தொட்டேன். கூந்தல் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. யாரும் அவளைக் குளிப்பாட்டவில்லை. தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. பிள்ளை உள்ளேயே இருந்தது.

எனக்கும் உயிர் இருக்கிறதே என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

பதினாறு கழிந்து அந்த மலையடிவாரத்துக்குத் தனியாகப் போனேன். நாராயணபெருமாள் சொன்னார். நான் சுமை வாங்கினேனே, அவள் அந்த ஊர்ப் பெண்தான். நிறைமாதத்தில் விறகு சுமந்து இறங்கும்போது பெருமழை பிடித்தது. பாதையிலேயே விழுந்து செத்தாள். பிள்ளை வயிற்றோடு போகிறவளுக்குச் சுமைதாங்கி வைப்பது நம் வழக்கம். வருகிறவர்கள் அதில் சுமை இறக்க இறக்க, அவள் சுமையும் இறங்கும் என்பார்கள். வைத்தார்கள். மலைக்காரர்கள் தினமும் இறக்கினார்கள். அவளால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

"பொறவு பஸ்ஸு வந்துச்சு. பஸ்ஸுல ஏத்த வசதியா அந்தப் பக்கம் வேற நடைபாதை வெட்டிட்டாங்க. விறகெல்லாம் அந்த வழியா இறங்கி, பஸ்ஸு மேல ஏறிப் போயிருது. இப்ப இந்தப் பாதையில சுமையோட யாரு வாறா? ஒங்கள மாதிரி காத்து வாங்க வாறவங்கதான்."

உலகம்மைக்கும் கல் வைத்தோம். மயிலாடியிலிருந்து கல் வந்தது. தோவாளைக்கு வெளியே, ரோட்டோரம். ஐந்து வருடம் ஆகிறது. அந்த ரோட்டில் பஸ் ஓடுகிறது. பூக்கூடைகள் பஸ் கூரையில் ஏறிப் போய்விடுகின்றன. தலைச்சுமையோடு நடப்பவர் இல்லை. அதனால் அமாவாசைதோறும் நானே ஒரு விறகுக் கட்டைச் சுமந்து போய் அந்தக் கல்லில் இறக்குகிறேன். கல்லில் பாசி பிடிப்பதுதான் நிற்கவில்லை.

சென்ற மாதம் அந்த வழியே பஸ்ஸில் வந்தேன். உச்சி நேரம். கண்டக்டர் புதுப் பையன், என்னைத் தெரியாது. கல்லைத் தாண்டும்போது டிரைவரிடம் சொன்னான்.

"அண்ணே, அந்தப் பிள்ளைத்தாச்சி இன்னைக்கும் தலையில கட்டோட நின்னு கை காட்டுகா."

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் கல்.

டிரைவர் திரும்பவே இல்லை.

"அங்க ஸ்டாப் கிடையாதுடே" என்றார். பஸ் போய்க்கொண்டே இருந்தது.