அம்மா உட்கார்ந்த இடம்

வாரிசு என்றால் ஆண்பிள்ளை. எங்கள் ராயபுரத்துக் குப்பத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. அப்பா போனதும் கட்டுமரமும் வலையும் அண்ணனுக்கு வந்தன. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அம்மாவுக்கென்று இருந்தது மீன் மார்க்கெட்டில் ஒரு ஆள் கால் மடக்கி உட்காரும் அளவுக்குத் தரை. அதற்குப் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. தினமும் வந்து உட்காருகிறவளுக்குத்தான் இடம். கொஞ்ச நாள் காலியாக விட்டால் பக்கத்துக் கூடை நகர்ந்து வந்துவிடும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியபோதுகூட அம்மா அதை விடவில்லை.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் அம்மா செத்துப்போனாள். புருஷன் விரட்டிவிட, கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் கிடந்தேன் நான். அண்ணி எனக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி அப்படிச் சத்தம் போடும். அந்த இடமும் போனால் நானும் பிள்ளையும் தெருவில்தான்.

காரியம் முடியும்வரை துக்க வீட்டுப் பெண் வெளியே போகக் கூடாது. நான் பால் ஊற்றிய மறுநாளே போனேன். துக்கம் என்று எங்கள் கட்டுமரம் கடலுக்குப் போகவில்லை, கையில் காசும் இல்லை, மீனுக்கு எங்கே போவது? மடியில் பிள்ளை, முன்னால் வெறும் கூடை. பக்கத்து இடத்துக்காரி அதற்குள் பாதி இடத்தை வளைத்துவிட்டிருந்தாள்.

“இன்னாடி, காத்த விக்க வந்துகிறியா?” என்றாள்.

“ஆமா, உனக்கு எத்தினி படி வோணும்?” என்றேன்.

மார்க்கெட்டே சிரித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன்.

காரியம் முடிந்ததும் அண்ணன் அண்ணியை அழைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்தான். அண்ணி இடுப்பில் புதுக்கூடை.

“எந்திரி. அம்மா எடம் மருமவளுக்குத்தான். நீ கட்டிக்குடுத்த பொண்ணு. தீட்டோட ஒக்காந்துகினு மானத்த வாங்கினது போதும்.”

“அண்ணாத்தே, நீ அப்பா கட்டுமரத்த வுட்டு எறங்கு. நானும் எந்திரிக்கிறேன்.”

கையை ஓங்கிவிட்டான். பிள்ளையை இறுக்கிக்கொண்டேனே தவிர, அசையவில்லை. அப்போது பக்கத்து இடத்துக்காரி, என் இடத்தை வளைத்தாளே அவளேதான், எழுந்து குறுக்கே நின்றாள்.

“நைனா, வூட்டுக்குப் பூடு. ஒக்காந்தவளுக்குத்தான் எடம். இன்னிக்கி நீ இவள எழுப்பினா, நாளைக்கு எம் பொண்ண எம் மவன் எழுப்புவான்.”

சொல்லிவிட்டுத் தன் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மூக்குத்தியை அடகு வைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். அண்ணனின் மீன் ஏலத்துக்கு வந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. யார் என்ன விலை கேட்டாலும் நான் அதற்கு மேலே கேட்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல் மீனை என் கூடையில்தான் கொட்டினான்.