பொங்கலை விடாத மெஷின்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம். மயிலாப்பூரில் ஒரு சபாவின் கேன்டீன். பாட்டுக்கு வருகிறவர்களைவிட அடைக்கு வருகிறவர்கள் அதிகம் என்று பேர் வாங்கிய கேன்டீன் அது.

நானும் என் கல்லூரித் தோழியும் மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தோம். போர்டு இருந்தது, வாடிக்கையாளர்தான் இல்லை. மார்கழிக்குள் ஒருவராவது கிடைக்காவிட்டால், பம்பாயில் சித்தப்பா பார்த்து வைத்திருந்த வேலைக்குப் போய்விடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எனக்குத் தை பிறந்தால் பம்பாய் ரயில்!

அந்த நேரத்தில்தான் கேன்டீன் கான்ட்ராக்டர் மாமா மாட்டினார். டோக்கன் அடிக்கும் மெஷின் ஒன்று செய்து தருகிறோம், ஒரு நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம். ஒரே பட்டன்தான், காலையில் அழுத்தினால் பொங்கல், மத்தியானம் அழுத்தினால் சாப்பாடு, சாயங்காலம் அழுத்தினால் அடை என்று நேரம் பார்த்துத் தானாக மாறும் என்றதும் மாமா மயங்கிவிட்டார். காபிக்கு மட்டும் தனி பட்டன், அதற்குத்தான் நேரம் காலம் கிடையாதே.

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், சின்ன பிரிண்டர், ஒரு ஃப்ளாப்பி டிரைவ். ஹார்ட் டிஸ்க் வாங்க வசதியில்லை. அதனால் இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒரே ஃப்ளாப்பிக்குள் அடக்க வேண்டும். மெஷின் கண் விழித்து வேலை செய்ய என்னென்ன கோப்புகள் தேவையோ, அவற்றை மட்டும் பொறுக்கிக் கட்ட வேண்டும். ரூட் ஃபைல் சிஸ்டம் என்று பேர். ஒற்றைப் பையோடு காசிக்குக் கிளம்புகிற மாதிரி. எதைத் தூக்கினால் எது படுத்துக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துக் கழிப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசியில் கொஞ்சம்தான் இடம் போதவில்லை. ஒரு டைரக்டரி நிறைய லண்டன், டோக்கியோ, நியூயார்க் என்று ஊர் ஊராக நேரக் கணக்கு இருந்தது. மயிலாப்பூரில் வடை விற்க டோக்கியோ நேரம் எதற்கு? மொத்தத்தையும் அழித்தேன். கச்சிதமாக அடங்கியது. பட்டனை அழுத்திப் பார்த்தேன், டோக்கன் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

சோதனை நாள் காலையில் பொங்கல் டோக்கன் மளமளவென்று வந்தது. மாமா முகத்தில் ஒரே சிரிப்பு. பம்பாய் ரயில் போயே போச்சு என்று நினைத்தேன். மத்தியானம் வரிசை வாசல் வரை நின்றபோது, இலை போடுகிறவர் ஒரு சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னா மேடம், சாப்பாட்டுக்கு வந்தவர் கையில பொங்கல்னு சீட்டு கீது!"

பின்னாலேயே மாமா. "ஏண்டிம்மா, மணி பன்னெண்டே முக்கால் ஆறது. உன் மெஷின் இன்னும் பொங்கலையே பிடிச்சுண்டு தொங்கறதே! கையால எழுதிக் கொடுத்துக்கறேன், நீ இதை எடுத்துண்டு கிளம்பு."

அஞ்சு நிமிஷம் மாமா என்று கெஞ்சிவிட்டு மணி என்ன என்று மெஷினையே கேட்டேன். ஏழே கால் என்றது. தோழி என்னை முறைத்தாள்.

"அவ்வளவு டெஸ்ட் பண்ணினியே, எந்த பட்டனை அழுத்தினே?"

"காபி."

"எல்லாத் தடவையுமா?"

"நமக்கு வேண்டியது காபிதானேடி!"

ஏழே காலுக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அப்போதுதான் உறைத்தது. நான் அழித்த ஊர்களில் நம் நாட்டு நேரமும் இருந்திருக்கிறது. போக இடமில்லாமல் மெஷின் லண்டன் நேரத்துக்குப் போய்விட்டது. லண்டனில் அப்போது டிபன் நேரம்தான், பாவம், அதன் மேல் தப்பில்லை!

நல்லவேளையாக அந்தக் கோப்பு இல்லாமலே ஒரு வரியில் நேரத்தைச் சொல்லிக்கொடுக்க வழி உண்டு. ஐந்தரை மணி கூட்டு என்று அடித்து மெஷினை மறுபடி கிளப்பினேன். ஃப்ளாப்பி கரகரவென்று அரைத்தது. வரிசையில் ஒரு பெரியவர், "மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை விட்டுட்டு சாப்பிட ஓடி வந்தா, இங்கேயும் ஒரு தனி நடக்கறதே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மெஷின் எழுந்து மணி ஒன்றே முக்கால் என்றது, அதுவும் விடியற்காலை! லண்டனிலிருந்து அமெரிக்கப் பக்கம் போய்விட்டது. அந்த வரியில் மட்டும் கூட்டலும் கழித்தலும் தலைகீழ் என்பதைப் பதற்றத்தில் மறந்திருந்தேன். கழித்தல் போட்டு மறுபடி கிளப்பினேன். மறுபடி கரகர. பட்டனை அழுத்தினேன். சாப்பாடு என்று சீட்டு வந்தது. கை எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்த சபா கூட்டமல்லவா, "பலே!" என்று மொத்த வரிசையும் தட்டியது.

கூட்டம் ஓய்ந்ததும் பசியோடு நாங்கள் பந்தியில் உட்காரப் போனோம். மாமா கையை நீட்டி மறித்தார். "டோக்கன் இல்லாம இங்க யாருக்கும் இலை கிடையாது. இனிமே மெஷின் சொல்றதுதான் சட்டம்."

மெஷின் கேன்டீனிலேயே தங்கிவிட்டது, நான் மெட்ராஸில் தங்கிவிட்டேன். அன்றிலிருந்து எத்தனையோ கருவிகளுக்கு இப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் வேண்டாதது என்று எதையாவது அழிக்கக் கை போகும்போதெல்லாம், அதற்குள் நம் ஊரும் இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.