கப்பலில் வந்த பழைய பேப்பர்

எண்பதுகளில் நான் திருச்சியில் காலேஜ் படித்தபோது, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பழைய பேப்பர் எடுக்க வரும் அக்கா ஒருநாள் எங்கள் வீட்டுப் பேப்பர் கட்டைத் தொடவே இல்லை.

“ஏன்க்கா, எங்க பேப்பர் கசக்குதா?”

“காகித மில்லுல நம்ம பேப்பர் வேணாங்கறாங்க தம்பி. வெளிநாட்டுப் பழைய பேப்பர் கப்பல்ல வருதாம், நல்லா கெட்டியா இருக்காம். பொட்டலம் மடிக்கக்கூட கடைக்காரங்க அதைத்தான் வாங்குறாங்க. நான் இனிமே எங்க போறது?”

போட்டி என்றால் அப்படித்தான் என்று நான் மேதாவிபோல விளக்கினேன். அக்கா சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கே அசிங்கமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கோயில் பக்கத்துப் பூஜை சாமான் கடையில் கற்பூரம் வாங்கிய ஒரு மாமி, பொட்டலத்தில் நீச்சலுடைப் பெண்ணின் படத்தைப் பார்த்து, “பெருமாளுக்குப் போறதை இதுலயா மடிப்பேள்?” என்று கத்திவிட்டாராம். இப்போது அந்த வரிசைக் கடைக்காரர்களெல்லாம் தமிழ்ப் பேப்பர்தான் கேட்கிறார்களாம்.

“மில்லு?”

“அவங்க இன்னும் வாங்கல. இதை வச்சு ஓட்ட வேண்டியதுதான்.”

கட்டை அவிழ்த்து வாசலில் உட்கார்ந்தவர், சினிமா விளம்பரப் பக்கங்களை உருவி என்னிடமே நீட்டினார்.

“இதை நீங்களே வச்சுக்கங்க தம்பி. மாமி இதுக்கும் கத்துவாங்க.”