ஐ, பி

திருப்பதியில் நான் டிவி வாங்கிய கடையின் விற்பனையாளர், உட்கார நாற்காலி இல்லாமல், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடியே பேசினார்.

படத்தின் தெளிவைக் குறிக்கும் 1080 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் ஐ, பி என்ன என்று கேட்டேன்.

"பி-ன்னா முழுப் படமும் ஒரே தபா வரும் சார். ஐ-ன்னா பாதி கோடு இப்ப, மீதி கோடு அடுத்த தபா. சேனல்ல வர்றது ஐ."

"முழுசாத்தானே தெரியுது?"

"மாறிக்கினே இருக்குதில்ல, கண்ணு ஏமாந்துடும்." கொட்டாவியை அடக்கினார். "நானும் ஐ-தான் சார். வீடு பிச்சாட்டூர். பொண்ணு தூங்கினப்புறம் போய்ச் சேர்றேன், எழுந்துக்கறதுக்குள்ள பஸ் ஏறிடறேன். கேட்டா, நைனா தினம் வராருன்னுதான் சொல்லும்."

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து வேகமாக ஓடும்போது மட்டும் அதன் ஓரம் கோடு கோடாகப் பிசிறும். அப்போதெல்லாம், அவர் வீடு போய்ச் சேரும்போது அந்தக் குழந்தை இன்றாவது விழித்திருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.