உறையில் போடாத விண்ணப்பம்

ஊழியர் உடற்குறையைச் சொல்லி எழுதும் விண்ணப்பத்தை உறையிலிட்டு ஒட்டி, மேலே ‘மந்தணம்’, அதாவது ரகசியம், என்று எழுதி, அலுவலர் கையில் நேராகக் கொடுக்க வேண்டும். விதி அதுதான். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லித்தந்தவனே நான்தான்.

போன வாரம், ஓய்வுக்குப் பின் நான் குடியிருக்கும் ஒத்தக்கடையில், எதிர்வீட்டுத் தம்பியின் பார்சலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பொருளின் பெயரில்லாத பழுப்புப் பெட்டி. மூக்குக்கு ஏது மந்தணம்? பூனைக்காலி விதையும் நிலப்பனைக் கிழங்கும் நெய்யில் கிண்டிய லேகிய வாசனை. வாங்க வந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “புரோட்டீன் பவுடர் சார்” என்றான்.

“நல்லதுப்பா” என்றேன்.

அந்த வாசனையை எனக்குப் பழக்கியவன் பாண்டி, நான் வேலையில் இருந்த காலத்தில் என் பிரிவில் இளநிலை உதவியாளர். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. குறை தன்னிடம்தான் என்று அவனுக்குத் தெரியும். திருப்பரங்குன்றத்து வைத்தியர் லேகியம் கொடுத்து, நாற்பத்தெட்டு நாள் புளி கூடாது, மனைவி பக்கமும் போகக் கூடாது என்றுவிட்டார்.

“அண்ணே, எதுக்கு மருந்து திங்கிறேனோ அதையே கூடாதுங்கிறாரு!”

ஒற்றை அறை வீடு. மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பினால் சொந்தபந்தம் காரணம் கேட்கும். அதனால் வெளியூர் முகாம் வேலை கேட்கச் சொன்னேன். “மொட்டையா எழுதுனா திருப்பிருவாங்க. காரணத்தை விளக்கமா எழுதுடா.” எழுதினான். பரிந்துரைத்தேன். உறையில் போட மறந்தேன்.

கோப்பு நான்கு மேசை ஏறி இறங்கியது. பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் அவன்தான் ஊறுகாய். “மாப்ள, புளிக்குழம்பு வருது, அங்கிட்டுத் திரும்பிக்க!” “இன்னும் எம்புட்டு நாளு மாப்ள?” பாண்டி தனியாகச் சாப்பிடத் தொடங்கினான். லேகியத்தையும் நிறுத்திவிட்டான்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி செல்வி காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “ஆர்டரு வருமாண்ணே?”

“மேல போயிருக்கும்மா.”

“அது மெதுவா வரட்டும். நான் அம்மா வீட்டுக்குப் போறேன். கேட்டா, வைத்தியம் எனக்குத்தேன்னு சொல்லிக்கிறேன். எப்படியும் என்னையத்தான சொல்லுவாக.” லேகிய டப்பாவை எடுத்துப் பாண்டி முன்னால் வைத்தாள். அவன் நிமிரவில்லை, ஆனால் மூடியைத் திறந்தான்.

குணமாக்கியது எது என்று நான் சான்றளிக்க முடியாது. வைத்தியர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எதிர்வீட்டுப் பெட்டியின் கிழிந்த மூலையில் எட்டிப்பார்த்த சீட்டில், ‘பத்தியம் தேவையில்லை’ என்று போட்டிருந்தது.

கோப்புக்குப் பதில் வராமல் இல்லை. அரக்கு முத்திரை, ‘மந்தணம்’, எல்லாம் முறைப்படி. உள்ளே ஒரே வரி: ‘பத்தியம் தொடங்கும் நாளைத் தெரிவிக்கவும்.’ அது வந்து சேர்ந்தது, பாண்டி தன் மகளுக்குக் காது குத்திய அன்று.